பெட்டிக்குள் உறங்கும் வெள்ளைத் துப்பட்டி

சென்னையின் மேற்கே பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்களுக்குச் சென்றால் அங்குள்ள துணிக்கடைகளைச் சற்றே கவனியுங்கள். கறுப்புப் புர்காக்களும் பல வண்ணத் தலைத்துணிகளும் அடுக்கடுக்காய்த் தொங்கும். ஆனால் நம் பாட்டிமார் போர்த்திய வெள்ளைத் துப்பட்டியைத் தேடினால் கிடைப்பது அரிது. அது முதியவர்களின் துணிப்பெட்டிக்குள் உறங்குகிறது.

பூந்தமல்லி பழமையான ஊர். கோல்கொண்டா ஆட்சிக் காலத்தில், 1653-இல் எழுப்பப்பட்ட பள்ளிவாசல் இங்கு உண்டு. உருது பேசும் குடும்பங்களும் தமிழ் பேசும் குடும்பங்களும் இப்பகுதியில் அடுத்தடுத்து வாழ்கின்றன. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் தோன்றியபின், பிழைப்பு நாடி வந்தோர் பெருகினர். வந்தவர்கள் தத்தம் ஊர் வழக்கையும் உடன் கொணர்ந்தனர்.

உருது பேசும் இல்லங்களில் புர்கா பழைய வழக்கு. கண்களுக்கு நேரே வலைப்பின்னல் வைத்துத் தைத்தவையும் அக்காலத்தில் இருந்தன. திரை பேணிய பெண்டிரைக் 'கோஷா' என்றனர். அவர்களுக்கென 1885-இல் தொடங்கப்பட்ட திருவல்லிக்கேணி மருத்துவமனை கஸ்தூரிபா காந்தி பெயரைப் பெற்ற பின்னரும், மக்கள் நாவில் அது 'கோஷா ஆஸ்பத்திரி'தான்.

தமிழ் பேசும் இல்லங்களின் வழக்கு வேறு. வீட்டில் புடவைத் தலைப்பே முக்காடு, தொழுகைக்கு மக்கனா, வெளியே செல்லத் துப்பட்டி. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் புடவைக்கு மேல் தலையிலிருந்து தழையத் தழையப் போர்த்தும் வெண்துணி அது. 'துப்பட்டா' என்னும் சொல்லுக்கு இருபட்டை என்பது பொருள். தறித்துணியின் அகலம் போதாமையால், இரு துண்டுகளை நீளவாக்கில் இணைத்துத் தைத்ததால் வந்த பெயர். நம் நாட்டு வெயிலுக்கு வெண்பருத்தி எத்துணை இதம்!

தலையாடை பேணுவது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ரஷ்யாவின் வடபகுதியில் வாழும் கோமி இனத்தாரிடையே, கன்னிப்பெண் தலையில் பட்டை கட்டுவாள். மணமானபின் கூந்தல் முழுவதையும் மூடும் தலையணி பூணுவாள். தலையைக் கண்டே அவள் கன்னியா, இல்லத்தரசியா என அறியலாம்.

வளைகுடா நாடுகளுக்கு நம்மவர் பெருமளவில் செல்லத் தொடங்கியபின் கறுப்பு அங்கி இங்கும் பரவியது. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. கை கால்களை வீசி நடக்கவும், பேருந்தில் ஏறவும், அலுவலகம் செல்லவும் அது வசதியானது. ஆயினும், கறுப்பங்கிதான் மார்க்கம், பாட்டியின் துப்பட்டி அறியாமை என இளையோர் எண்ணத் தலைப்படுவது பெரும் பிழை. திருமறையின் 24-ஆம் அத்தியாயம் 31-ஆம் வசனம் முக்காட்டைக் குறிப்பிடுகிறது, நிறத்தைக் குறிப்பிடவில்லை. பெண்ணின் கஃபன் துணிகள் ஐந்தனுள்ளும் முக்காடு ஒன்று. அதுவும் வெண்மையாயிருப்பதே விரும்பத்தக்கது.

ஆகவே சகோதரிகளே, உங்கள் இல்லத்து முதியவரின் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். அத்துணி எந்த ஊரில் வாங்கியது, எப்படிப் போர்த்துவது என்று கேட்டறியுங்கள். உங்கள் பெண்மக்களையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். சொல்லித்தர அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.