தானாக முளைத்தவை

நாம் விதைத்து வளர்ப்பது செடி. தானாக முளைப்பது களை. மாசாயில் எங்கள் வீட்டு முற்றத்தைச் சுத்தம் செய்த அந்தக் காலை வரை நான் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் எனக்கு அது முதலாம் ஆண்டு விடுமுறை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. பாட்டி எழுவதற்குள் வேலையை முடித்து நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை. வேலியோரம் முளைத்திருந்த அனைத்தையும் பிடுங்கிக் குப்பைப் பையில் திணித்துவிட்டேன்.

பாட்டி வந்தார். பையை அவிழ்த்து, வாடிப்போன ஒரு நாற்றைக் கையில் எடுத்தார்.

"களை எது, செடி எதுன்னு பார்த்துட்டுப் பிடுங்கக் கூடாதாய்யா?"

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவை காசித்தும்பை நாற்றுகள். கோத்தா திங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு வந்தபோது பாட்டி கையோடு கொண்டுவந்தது ஒரு துளசித் தொட்டி. அந்த மண்ணில் ஒளிந்து வந்த விதைகளின் வாரிசுகள் இவை. காசித்தும்பை பூத்துக் காய்த்துச் சில மாதங்களில் மடிந்துவிடும். ஆனால் முற்றிய காய் லேசாகத் தொட்டாலே வெடித்து, விதைகளைத் தூரத் தெறிக்கவிடும். ஆண்டுதோறும் பாட்டி வரவேற்றது அந்தப் பழைய செடியின் பேரன் பேத்திகளைத்தான். நாற்றின் தண்டைப் பார்த்தே பூவின் நிறத்தைச் சொல்வார். செம்மை ஓடியிருந்தால் நிறப்பூ. வெளிர்பச்சை என்றால் வெள்ளை.

பிறகு நூலகத்தில் இச்செடியைப் பற்றித் தேடிப் படித்தேன். இமயமலையில் இதற்கு ஓர் உறவுக்காரச் செடி உண்டு. 1839இல் அதை அழகுக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அதன் காய் வெடித்தால் விதை ஏழு மீட்டர் வரை பாயுமாம். குளிர்காலம் முழுதும் மண்ணுக்குள் கிடந்து, அந்தக் குளிர் பட்ட பிறகே வசந்தத்தில் முளைக்கும். இன்று ஆற்றங்கரைகளை அடைத்து, அங்குள்ள செடிகளை நெருக்குவதால் தன்னார்வலர்கள் கூட்டமாகச் சென்று அதைப் பிடுங்குகிறார்கள். அங்கே பிடுங்குகிறவர்கள் அதன் இலையையும் தண்டையும் அறிந்து பிடுங்குகிறார்கள். நான் அறியாமல் பிடுங்கினேன். பாட்டியின் கேள்விக்குப் பொருள் அப்போதுதான் விளங்கியது.

மூன்று வாரம் கழித்து அம்மா தொலைபேசியில் அழைத்தார். மழைக்குப் பிறகு வேலியோரம் ஏழெட்டு நாற்றுகள் முளைத்திருப்பதாகப் பாட்டி சொல்லச் சொன்னாராம். நான் பிடுங்கியது நாற்றுகளை மட்டுமே. மண்ணுக்குள் இருந்த விதைகள் தப்பிவிட்டன.

பாட்டி இப்போது இல்லை. கார் நிறுத்துவதற்காக அப்பா முற்றத்தில் சிமெண்டு பூசியபோது, வேலியோரம் ஒரு முழ மண்ணை மட்டும் விட்டுவைக்கச் சொன்னேன். காரணம் கேட்காமல் விட்டுவைத்தார்.

சென்ற விடுமுறையில் அங்கே குனிந்து பார்த்தேன். புதிதாக இரண்டு நாற்றுகள். ஒன்றின் தண்டு வெளிர்பச்சை.

வெள்ளைதான் பூக்கும். பாட்டி சொன்னால் சரியாக இருக்கும்.