கூப்பிடுங்க மேனேஜரை!

டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, 'நீங்கதான் சார் எங்க குலசாமி' என்று கண் கலங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால், ஆஸ்பத்திரி மேனேஜர் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கிய ஒருவரைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. சட்டையைப் பிடித்தவர்கள் உண்டு.

பாவம், அவர் வேலை அப்படி. ஒழுங்காக வேலை பார்த்தால் அப்படி ஒரு ஆள் இருப்பதே நமக்குத் தெரியாது. லிஃப்ட் நின்றுபோனாலோ, பில்லில் ஒரு சைபர் கூடிப்போனாலோதான் 'கூப்பிடுங்க மேனேஜரை!' என்று கத்துகிறோம்.

போன வருடம் என் பெரியம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், விடுங்கள். மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு சர்ஜன் வந்து, 'இன்னிக்கு வீட்டுக்குப் போயிடலாம் பாட்டி' என்று சிரித்துவிட்டுப் போனார். நாங்கள் ஆட்டோ ஏறியபோது மாலை ஐந்தே முக்கால்.

'ஆபரேஷனே முக்கா மணி நேரம்தானேடா ஆச்சு?' என்றார் பெரியம்மா. நியாயமான கேள்வி. பத்திரிகைக்காரன் சும்மா இருப்பானா? அந்த ஃபைலின் பின்னாலேயே போனேன். டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டிய ட்யூட்டி டாக்டர் அவசரப் பிரிவில் இருந்தார். எழுதியதை டைப் அடிக்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். மிச்சமான ஊசி, மருந்தை ஃபார்மசி திரும்ப வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்தால்தான் பில்லிங்கில் கணக்கை முடிப்பார்கள். பில் முடிந்தால் இன்ஷூரன்ஸ் கவுன்ட்டர். அங்கிருந்து எங்கேயோ ஓர் ஊரில் இருக்கும் டி.பி.ஏ. ஆபீஸுக்கு மெயில். அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல மறுபடி ட்யூட்டி டாக்டர்.

நான் கவனித்த விஷயம் இதுதான். யாரும் வெட்டியாக உட்கார்ந்திருக்கவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். அந்த ஃபைல் மொத்தமாக எப்போது வாசலைத் தாண்டும் என்பதைப் பார்ப்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை. ஆக, அங்கே மேனேஜர் என்ற பதவி இருந்தது, மேனேஜ்மென்ட் இல்லை.

இதில் என்ன குடிமுழுகிப் போச்சு, ஒரு நாள் லேட்டாக வீட்டுக்குப் போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கீழே அவசரப் பிரிவில் ஒரு பெரியவர் பெட் கிடைக்காமல் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தார். 'மேல ஒரு பெட் காலியாகணும், வெயிட் பண்ணுங்க' என்று அவர் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த பெட் எங்களுடையதாகவும் இருக்கலாம்.

(காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். டிஸ்சார்ஜுக்கான கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனி இறுதி ஒப்புதல் தர வேண்டும், அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலாகப் பணம் கேட்டால் அதைக் கம்பெனியே கட்ட வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் உத்தரவு போட்டிருக்கிறது. கவுன்ட்டரில் குரல் உயர்த்துவதற்கு முன் இதை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.)

எனக்குத் தெரிந்த ஒருவர் இருபது வருடங்களாக ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருக்கிறார். காலை ஏழு மணிக்கு ரவுண்ட்ஸ் கிளம்பிவிடுவார். 'டாக்டர் பேஷன்ட்டைப் பார்ப்பார் சார். நான் கட்டிலுக்கு அடியில பார்ப்பேன்' என்பார். ஆக்ஸிஜன் டேங்கில் அளவு எவ்வளவு, ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா, ஆபரேஷன் கருவிகளை நேற்று ஆட்டோக்ளேவில் வைத்ததற்குப் பதிவு இருக்கிறதா, மஞ்சள் பையில் போட வேண்டிய கழிவோடு யாராவது ஊசியைப் போட்டுவைத்து, அள்ளுகிற அம்மாவின் கையைக் குத்தப்போகிறதா என்பதெல்லாம் அவர் கவலை.

'இருக்கிறதிலேயே கஷ்டமானது எது?' என்று கேட்டேன். நைட் ஷிஃப்ட் என்றார். 'நாப்பது பேஷன்ட்டுக்கு ரெண்டு சிஸ்டர் போட்டா மருந்து மாறத்தான் செய்யும். மாறினா சிஸ்டர் மேல நடவடிக்கை எடுப்பாங்க. ரெண்டு பேர் போதும்னு கையெழுத்துப் போட்டவனை யாரும் கேக்க மாட்டாங்க. அந்தக் கையெழுத்து என்னோடது சார்.'

இன்னொன்றும் சொன்னார். 'மத்த கம்பெனியில மேனேஜர் சொன்னா கேப்பாங்க. இங்க சர்ஜன்கிட்ட போய், ஒன்பது மணின்னா ஒன்பது மணிக்கு தியேட்டருக்கு வந்துடுங்கன்னு நான் சொல்ல முடியுமா? கெஞ்சத்தான் முடியும்.' அரசு ஆஸ்பத்திரிகளில் இது வேறு மாதிரி. அங்கே டீனும் டாக்டர், கண்காணிப்பாளரும் டாக்டர். இருபத்தைந்து வருடம் வயிற்றைக் கிழித்துத் தைத்தவர் கையில் ஒரு நாள் திடீரென்று கான்ட்ராக்ட், கரன்ட் பில், காண்டீன், கட்டடம் எல்லாவற்றையும் கொடுத்து 'பார்த்துக்குங்க' என்றால் அவர் என்ன செய்வார்? ஒரு நல்ல சர்ஜனையும் இழந்துவிடுகிறோம்.

நான் பி.காம். படித்தவன். 'சப்ளையருக்குத் தர வேண்டிய பாக்கி' என்பது எங்களுக்குப் பேலன்ஸ் ஷீட்டில் ஒரு வரி. அது என்னவெல்லாம் செய்யும் என்று 2017 ஆகஸ்ட்டில் கோரக்பூர் செய்திகளைப் படித்தபோதுதான் உறைத்தது. அங்கே பி.ஆர்.டி. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஆக்ஸிஜன் கொடுத்துவந்த கம்பெனிக்கு 60 லட்ச ரூபாய்க்கும் மேல் பாக்கி. கடிதம் மேல் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் 10 இரவு சப்ளை தடைப்பட்டது. அந்தச் சில நாட்களில் அங்கே 60-க்கும் அதிகமான குழந்தைகள் இறந்துபோனார்கள். ஆக்ஸிஜன் காரணமில்லை, மூளைக்காய்ச்சல் போன்ற நோய்கள்தான் காரணம் என்றது மாநில அரசு. சரி, அந்த விவாதம் இருக்கட்டும். குழந்தைகள் மூச்சு விடும் குழாயின் மறுமுனை ஒரு பில் ஃபைலில் இருக்கிறது, அந்த ஃபைல் ஏதோ ஒரு மேஜையில் தூங்குகிறது என்பதே எனக்குத் தூக்கம் வராமல் போகப் போதுமானதாக இருந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை நம் ஊரிலேயே இருக்கிறது. நாம்தான் பேசுவதில்லை. அரசு ஆஸ்பத்திரி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கும். 1994-ல் தொடங்கி 1995 ஜனவரியிலிருந்து இயங்கிவருகிற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வேலை அது. அதற்கு முன்பு மருந்து வாங்குவது ஆளுக்கு ஒரு பக்கம். ஓர் இடத்தில் மூட்டை மூட்டையாகக் காலாவதியாகும், இன்னோர் இடத்தில் காய்ச்சல் மாத்திரை இருக்காது.

கழகம் என்ன செய்தது? அவசியமான மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டது. மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர், மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு. வந்த மருந்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, தேறினால்தான் வெளியே விடுவது. எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். ஆமாம், பேங்க் பாஸ்புக் மாதிரியேதான். இந்த வருடம் உனக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று வரவு வைத்துவிடுவார்கள். கிடங்கில் எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவார்கள். தனக்கு எந்த மருந்து வேண்டும் என்பதை, பட்டியலுக்குள், அந்த ஆஸ்பத்திரியே தீர்மானித்துக்கொள்ளலாம். காசு கண்ணுக்குத் தெரிந்ததும் யாருக்கும் சும்மா வாங்கிக் குவிக்கத் தோன்றாது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால், இதைப் பார்த்துதான் கேரளாவும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே மாதிரி கழகங்கள் அமைத்தன. எந்த மாத்திரை எந்தக் கிழவியின் உயிரை நீட்டித்தது என்று யாருக்கும் தெரியாது. கிழவிக்கும் தெரியாது.

மேனேஜர்களை ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இன்னொரு ரகமும் உண்டு. 'இந்த மாசம் எத்தனை ஸ்கேன்? ஓ.பி.க்கு வந்தவங்கள்ல எத்தனை பேர் அட்மிஷன் ஆனாங்க?' என்று மாதக் கடைசியில் டாக்டர்களிடம் கணக்குக் கேட்கிறவர்கள். அதே எக்ஸெல் ஷீட், அதே படிப்பு. என்ன எண்ணுவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் என்ன எண்ணினார்கள் என்று பாருங்கள். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன சர்ஜன். உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே மாதிரி பர்கர் எப்படிக் கிடைக்கிறது என்று மெக்டொனால்ட்ஸைப் பார்த்து யோசித்தவர். தியேட்டரில் இரண்டு மேஜைகள். ஒருவருக்குப் புரை எடுத்து முடிப்பதற்குள் பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். சர்ஜன் திரும்பினால் போதும். தயார் செய்வது, கட்டுப் போடுவது எல்லாம் அங்கேயே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. லென்ஸ் விலை அதிகம் என்றதும் 1992-ல் 'அரோலேப்' தொடங்கித் தாங்களே தயாரித்தார்கள். இந்த நிர்வாகத்தைக் கட்டியவர்களில் ஒருவரான ஆர்.டி.துளசிராஜ் டாக்டர் இல்லை, கொல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்தவர்.

ஆரம்ப காலத்தில் அவர்களுக்கு ஒரு குழப்பம். கிராமத்தில் முகாம் போட்டு, 'உங்களுக்குப் புரை இருக்கு, ஆஸ்பத்திரிக்கு வாங்க, ஆபரேஷன் இலவசம்' என்று சொல்லி அனுப்பினால் பெரும்பாலானவர்கள் வரவில்லை. வேறு யாராக இருந்தாலும், 'ஜனங்களுக்கு அறிவு இல்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த முகாமுக்குப் போயிருப்பார்கள். இவர்கள் வராதவர்களைத் தேடிப்போய் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். பயம் என்றார்கள் சிலர். பஸ்ஸுக்குக் காசில்லை, அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது, கண்ணு தெரியாதவ தனியா எப்படிப்பா மதுரைக்கு வர்றது என்றார்கள் பலர்.

அடுத்த முகாம்களில், பரிசோதனை முடிந்த அன்றைக்கே பாட்டிகளையும் தாத்தாக்களையும் மொத்தமாக பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாப்பாடு போட்டு, ஆபரேஷன் செய்து, திரும்ப ஊரிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். ஊர்க்காரர்களாகக் கூடவே போனதால் பயமும் போய்விட்டது.