அப்டேட் ஏறாத போனும் அம்மாவின்ர குரலும்

ரூட் பண்ணின அன்ட்ரொயிட் போனிலை அப்டேட் இடையிலை நிண்டால், "ரீசெற் பண்ணு" எண்டுதான் கனபேர் சொல்லுவினம். அவசரப்படாதேங்கோ.

2014 இல் வந்த அன்ட்ரொயிட் 5.0 காலத்திலையிருந்து, அப்டேட் ஏற முதல் சிஸ்டம், பூட் பகுதிகளைச் சரிபார்க்கும். அதிலை ஒரு பைட் மாறியிருந்தாலும் ஏறாது. ரீசெற் அந்த மாற்றத்தைத் தொடாது. உங்கட படங்களைத்தான் அழிக்கும்.

எங்கட ஊர் அல்பங்கள் வீட்டோடை எரிஞ்சு போச்சு. அம்மாவின்ர செத்தவீட்டுக்கும் போக முடியேல்லை. அவ கதைச்ச ஒலிப்பதிவு என்ர போனிலைதான் கிடந்தது. ஆனபடியால் முதல் கேபிளைக் கொழுவி எல்லாத்தையும் கணினியிலை ஏத்தினன். பிறகு அதே பதிப்பின்ர ஒறிஜினல் பூட் இமேஜைத் திரும்பப் போட்டன். நான் மாத்தினது அது மட்டுந்தான். அப்டேட் ஏறிச்சு.

ஒண்டு, பூட்லோடரைத் திரும்பப் பூட்டாதேங்கோ. அதுவும் எல்லாத்தையும் அழிக்கும்.