கலர் வருமா?

எங்கள் அரியலூரில் பழமைக்குப் பஞ்சம் கிடையாது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒரு கல்லைப் புரட்டினால், ஆறரைக் கோடி வருஷங்களுக்கும் முன்னால் இங்கே அலையடித்த கடலின் சிப்பி கண்ணில் படும். ஆகையால், நாற்பது வயதான கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததை ஊரார் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டார்தாம் எடுத்துக்கொண்டார்கள். "பேரீச்சம்பழத்துக்குப் போட்டால் என்ன?" என்பது என் மனைவியின் கட்சி.

போட முடியாததற்குக் காரணம் உண்டு. அது காலஞ்சென்ற என் அண்ணனுடையது. கணக்கு வாத்தியாராக இருந்தவர். பள்ளிக்கூடம் ஒன்றில் கழித்துக் கட்டி ஏலம் விட்டபோது எடுத்து வந்தார்.

பி.பி.சி. மைக்ரோ என்று அதற்குப் பெயர். 1981-ஆம் வருஷக் கடைசியில் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் நகரத்து ஏக்கார்ன் கம்பெனி வெளியிட்டது. ஜனங்களுக்குக் கம்ப்யூட்டர் பாடம் நடத்த முன்வந்த பி.பி.சி., தன் பாடத்துக்குத் துணையாக இந்த யந்திரத்தைத் தேர்ந்தெடுத்தது. 1984-ல் நம் மத்திய சர்க்காரும் 'கிளாஸ்' என்ற திட்டத்தின் கீழ்ப் பள்ளிக்கூடங்களுக்கு இதையே வரவழைத்தது. ஞாபகசக்தி 32 கிலோபைட். இன்று கைபேசியில் வந்து விழும் ஒரு 'காலை வணக்க'ப் படத்துக்கு அது போதாது!

அண்ணன் இதில் என்னென்னவோ எழுதினார். எழுதியதையெல்லாம் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் பிரதி எடுத்து வைத்தார். அதில் ஒன்று, அண்ணிக்காகப் போட்ட பூ. அவருக்கு வாய்த்ததோ கறுப்பு-வெள்ளை மானிட்டர். பூவைக் காட்டியபோது அண்ணி, "என்னங்க இது, வெறும் குச்சியா இருக்கே!" என்றாளாம். "கலர் போட்டிருக்கேன். இந்தப் பெட்டியிலே தெரியாது. ஒரு நாள் காட்டறேன்" என்றாராம் அண்ணன். அந்த ஒரு நாள் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

"தம்பி, அந்தக் கலரை ஒரு தடவை பார்த்துடணும்" என்று அண்ணி சொன்னபோது எப்படி மறுப்பது?

நோட்டைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தட்டினேன். அண்ணன் வீட்டுப் பழைய பெட்டி டி.வி.யில் கம்ப்யூட்டரின் வீடியோ ஒயரைச் செருகினேன். படம் வந்தது. கலர் வரவில்லை. குச்சி மட்டும் நின்றது.

கடைத்தெருவில் டி.வி. மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ரிப்பேர் வேலை அருகிப்போய், இப்போது கைபேசிக்கு உறை விற்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அந்தக் கணமே கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டார்.

முதலில் டி.வி.யைச் சோதித்தார். டி.வி.டி. பிளேயரை மாட்டினார், சினிமா பளபளவென்று கலரில் ஓடியது. ஆகவே டி.வி. நிரபராதி. சீமை யந்திரத்துக்கும் நம் ஊர் டி.வி.க்கும் ஒத்துப் போகாதோ என்று கேட்டேன். "இல்லை சார், ரெண்டும் பால்" என்றார். ஆவின் பால் அல்ல. ஜெர்மானிய எஞ்சினீயர் வால்ட்டர் புரூக் 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கிய கலர் முறைக்கு 'பால்' என்று பெயர். இங்கிலாந்து எடுத்துக்கொண்டதும் அதுதான். 1982-ல் ஆசிய விளையாட்டு விழா நடந்த வருஷத்தில் கலருக்கு மாறிய நம் தூர்தர்ஷன் எடுத்துக்கொண்டதும் அதுதான்.

பிறகு மூடியைக் கழற்றினார். மின்சாரம் நுழையும் இடத்தில் இருந்த கண்டென்சரை முதலில் மாற்றினார். அந்தக் காலத்துக் கண்டென்சர் வெடித்துப் புகையும் சுபாவம் உள்ளதாம். அப்புறம் இந்த யந்திரத்தின் சர்க்யூட் படத்தைக் கைபேசியில் தேடி எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார்.

"சார், இதுக்கு ரெண்டு வாசல். வீடியோ வாசல்லே எழுத்து கூர்மையாத் தெரியணும்னு கலரைத் தடுத்தே அனுப்பியிருக்கான். அது கோளாறு இல்லை. ஏரியல் வாசல்லே கலர் வந்தாகணும். அங்கேயும் பார்ப்போம்."

ஏரியல் வாசலில் மாட்டி, 36-ஆம் சானலைத் தேடிப் பிடித்தார். அங்கேயும் கறுப்பு-வெள்ளைதான். "ஆக, நிஜமான கோளாறு ஒண்ணு உள்ளே இருக்கு" என்றார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

கலர் டி.வி. என்பது சுருதி சுத்தமான சங்கீத வித்வானைப் போன்றது. படத்தின் ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும், கம்ப்யூட்டர் துளி நேரம் தம்புராவை மீட்டிக் காட்டுகிறது. அந்தத் தம்புரா வினாடிக்குச் சுமார் 44 லட்சத்து 33 ஆயிரம் தடவை அதிர வேண்டும். சுருதி சேர்ந்தால் டி.வி. கலரைப் பாடும். சேராவிட்டால் அபஸ்வரமாகப் பாடாது. கலரை அடியோடு நிறுத்திவிட்டுக் கறுப்பு-வெள்ளையில் நிற்கும்.

கம்ப்யூட்டருக்குள் அந்தச் சுருதியைத் தருவது ஒரு படிகக் கல். அது நாலு மடங்கு வேகத்தில் துடிக்க, யந்திரம் அதை நாலாக வகுத்துக்கொள்கிறது. நாற்பது வருஷத்தில் சுருதி சற்றே இறங்கியிருந்தது. பக்கத்திலேயே அதைச் சரிக்கட்டக் கடுகளவு திருகு ஒன்று உண்டு. இரும்பு ஸ்குரூ டிரைவர் பட்டால் அதுவே சுருதியைக் கலைத்துவிடுமாம். மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பைச் சீவிச் செய்த ஆயுதத்தை எடுத்தார். மயிரிழை அளவு திருப்பினார். திரையில் பச்சை ஒரு தடவை மின்னி மறைந்தது. இன்னும் ஒரு மயிரிழை. நின்றது!

ஆனால் ஏரியல் வழியாக வந்த படத்தில் புள்ளிகள் கொசுவாய் மொய்த்தன. "அம்மாவுக்குச் சுத்தமாக் காட்டணும்" என்று சொல்லி, எஸ்-39 என்று குறியிட்ட இடத்தில் இரண்டு முனைகளையும் ஈயம் வைத்து இணைத்தார். வீடியோ வாசலில் இருந்த தடை நீங்கியது.

அண்ணியைக் கூப்பிட்டோம். கறுப்புத் திரையில் பச்சைக் காம்பு, நடுவில் கொஞ்சம் மஞ்சள், சுற்றிலும் ஆழ்ந்த நீலத்தில் இதழ்கள். சங்குப்பூ!

குச்சியாகத் தெரிந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. கறுப்பு-வெள்ளையில் வெளிச்சத்தைப் பங்கு போடும்போது பச்சைக்கு 59 பங்கு, சிவப்புக்கு 30. நீலத்துக்குக் கிடைப்பது 11 பங்குதான். அண்ணன் போட்ட இதழ்கள் முதல் நாளிலிருந்தே திரையில் இருந்தன; இருட்டோடு இருட்டாகக் கலந்திருந்தன.

அண்ணி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கல்யாணத்தப்போ எங்க வீட்டு வேலியிலே இருந்த பூ. அப்போ ஒண்ணும் கவனிச்ச மாதிரியே தெரியலை அவரு" என்றாள்.

மெக்கானிக் கூலி வாங்க மறுத்தார். காபி மட்டும் இரண்டு தம்ளர் குடித்தார்.

நோட்டில் இன்னும் பதினொரு படங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்தது ஒரு மீன். ஓரத்தில் பென்சிலால், 'இதன் கண்ணைச் சிமிட்ட வைக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறார் அண்ணன்.