பேசாத பொம்மையும் பேசும் பெட்டியும்

குழந்தைக்குப் பொம்மை வெறும் விளையாட்டுப் பொருள் அன்று. அஃது உயிருள்ள தோழமை. அதற்குச் சோறூட்டுவதும், காய்ச்சல் கண்டதாகக் கருதி மருந்து புகட்டுவதும், தாலாட்டி உறங்க வைப்பதும் குழந்தையின் அன்றாடக் கடமைகள். பொம்மை வாய் திறப்பதில்லை. ஆயினும், அது சொல்வன எல்லாம் குழந்தைக்குக் கேட்கும். அச்சொற்களைப் படைப்பது தன் உள்ளமே என்பதைக் குழந்தை அறிவதில்லை.

தமிழ்நாட்டில் இவ்விளையாட்டு மிகப் பழமையானது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டிய மூன்று கால் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. குதிரை பூட்டாத அத்தேருக்குக் குதிரையாக நின்றது பிள்ளைகளின் கற்பனையே.

பெரம்பலூரும் அரியலூரும் 1995-ஆம் ஆண்டு வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. மழையை நம்பிச் சோளமும் பருத்தியும் விளைவித்த அந்நிலத்துப் பிள்ளைகளுக்கு வயலே பொம்மைக் கடை. சோளத்தட்டையை உரித்து வண்டியும் மாடும் செய்வர். பனங்காய் இரண்டைக் கோலில் கோத்து உருட்டுவர். பழந்துணியைச் சுருட்டிப் பாப்பா ஆக்குவர். மரச்சிற்பத்திற்குப் பெயர் பெற்று, 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் அடைந்த அரும்பாவூர் பெரம்பலூர் மாவட்டத்தில்தான் உள்ளது. சில வீடுகளில் பாட்டி காலத்து மரப்பாச்சி இணை ஒன்றும் இருக்கும். அவ்வீட்டுப் பெண்குழந்தைக்கு அதுவே பெருஞ்செல்வம்.

இத்தகைய சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி காலந்தாழ்ந்தே வந்தது. இந்தியாவில் அதன் ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15-இல் தில்லியில் தொடங்கியது. சென்னையில் 1975-இல் நிலையம் அமைந்தது. அதன் அலைகள் நெடுந்தொலைவு செல்ல வல்லன அல்ல. ஆகையால் உள்நாட்டு ஊர்கள் அஞ்சல் நிலையங்களுக்காகக் காத்திருந்தன. 1980-களில் அவை பெருகிய பின்னரே ஊருக்கு ஒன்றிரண்டு பெட்டிகள் வந்தன. கூரைமேல் ஒருவர் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார், கீழிருப்போர், “தெரிகிறது! இன்னும் சற்றுத் திருப்பு!” என்று கூவுவர். கறுப்பும் வெள்ளையுமாய் உருவங்கள் தெளிந்ததும் கூடம் முழுதும் அமைதியாகும்.

இராமானந்த சாகர் இயக்கிய இராமாயணத் தொடர் 1987 சனவரி 25 முதல் 1988 சூலை 31 வரை ஞாயிறு காலைகளில் ஒளிபரப்பாயிற்று. அதன் மொழி இந்தி. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால், பேசாத பொம்மைக்குப் பேச்சளித்துப் பழகியவர்களுக்கு அது பெருந்தடையாகவில்லை. பெட்டி படத்தைக் காட்டியது; பிள்ளைகள் அதற்குத் தமிழைத் தந்தனர்.

பெரம்பலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அந்நாளில் ஒரு சிறுமி இருந்தாள். அவளுடைய அப்பாயியால் நடக்க இயலாது. ஞாயிறுதோறும் அடுத்த தெருவில் தொடரைக் கண்டு வந்து, கட்டிலருகே அமர்ந்து அதனை நடித்துக் காட்டுவாள். மரப்பாச்சி இணை இராமனும் சீதையும் ஆகும். பத்து வேப்பங்கொட்டைகளை வரிசையாக வைத்தால் இராவணன் தோன்றுவான். ஒருநாள், அனுமன் கடலைத் தாவ நின்ற வேளையில் மின்சாரம் நின்றது. சிறுமி அழுதுகொண்டே வீடு திரும்பினாள்.

“பெட்டி அணைந்தால் கதையும் அணைந்து போகுமா, தாயி? பொம்மையை எடு” என்றார் அப்பாயி.

முதியவர் கதை சொன்னார். கட்டிலின் ஒரு முனை தமிழகக் கரையாயிற்று, மறுமுனை இலங்கையாயிற்று. துணிப்பாப்பா ஒன்று கடலைத் தாண்டியது. சிறுமி கண்ணீரை மறந்தாள். பல திங்களாக அவளிடம் கதை கேட்டு வந்த அப்பாயிக்கு அன்று சொல்லும் மகிழ்ச்சி கிட்டியது.

தொலைக்காட்சி தீயது என்பது இதன் கருத்தன்று. வெளியூரையே அறியாத பிள்ளைகளுக்கு உலகைக் காட்டியது அப்பெட்டியே. ஆனால், அன்று அது நாள் முழுதும் பேசவில்லை. எஞ்சிய பொழுது பிள்ளைகளுடையதாக இருந்தது. கண்டதை நினைக்கவும், பிறர்க்குச் சொல்லவும், மாற்றிப் படைக்கவும் அவர்களுக்கு இடம் இருந்தது. 2006-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிகளை இலவசமாக வழங்கிற்று. ஏழை வீடுகளிலும் அது இடம்பெற்றது. இன்றோ, உள்ளங்கைத் திரையிலும் படங்கள் ஓய்வின்றி ஓடுகின்றன. கதைக்குக் குறைவில்லை, அதனை அசைபோடும் பொழுதுதான் குறைந்துவிட்டது.

காட்சியைக் காண்பது எளிது. அதனைத் தனதாக்கிக்கொள்வதே அரிது. கண்டதைத் தன் சொல்லால் மற்றொருவருக்கு எடுத்துரைக்கும் மாணவன், காண்பவன் என்னும் நிலையிலிருந்து படைப்பவன் என்னும் நிலைக்கு உயர்கிறான். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. சிறிது நேரம் அணைந்திருக்கும் ஒரு திரையும், கேட்க விரும்பும் ஒருவரும் போதும்.