வண்டி நின்றால் முதலில் மூடியைத் திறவுங்கள்

எமது தந்தையார் 1978-இல் வாங்கிய மோட்டார் சைக்கிள் சென்ற மாதம் தொல்லை கொடுத்தது. மூன்று கிலோமீட்டர் ஓடும், நின்றுவிடும். சற்று நேரம் சென்று உதைத்தால் மீண்டும் ஓடும். கார்புரேட்டரையே மாற்ற வேண்டும், இல்லையேல் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார்கள் பட்டறையில். அன்னையாரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல எமக்கு வேறு வாகனமில்லை.

வண்டி நின்றவுடனே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். ஈரமாயிருந்தால் பெட்ரோல் மிகுதி; உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. உலர்ந்தே இருந்தது. டாங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது! மூடியிலுள்ள சிறு துளை அழுக்கால் அடைபட்டிருந்தது. காற்று உட்புகாவிடில் பெட்ரோல் இறங்காது. துளையைச் சுத்தம் செய்தோம், வண்டி ஓடிற்று. செலவு ஏதுமில்லை.

அத்துடன் விடவில்லை. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். ஆகவே குழாயை மாற்றி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தேங்கியிருந்த நீரை வடித்தோம். இவ்வேலையைத் திறந்த வெளியில், நெருப்பு அருகிலின்றிச் செய்ய வேண்டும். பீடி பிடிப்பவர்கள் தள்ளி நிற்கட்டும். ஜெட்டின் துளையைக் கம்பியால் மட்டும் குத்தாதீர்கள். துளை பெரிதானால் வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். காற்றடித்தே அடைப்பை நீக்குங்கள்.