விட்டுப்போன பாடம்

எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் இயற்பியல் படிக்கும் எனக்கு ஓம் விதியை உணர்த்தியவன் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுதான்.

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்தவர். தாராவியில் வளர்ந்து, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவன் நான். அந்தக் கடனில் சிறிதளவாவது தீர்க்கலாம் என்று, ஞாயிறுதோறும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, மின்சுற்றைப் பற்றிய பாடம். இரண்டு டார்ச் பாட்டரிகள், ஒரு டார்ச் பல்பு, இரண்டு துண்டுக் கம்பிகள், கருவிகள் இவ்வளவே. பாட்டரியின் ஒரு முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் பல்பின் இழை வழியே சென்று மறுமுனைக்குத் திரும்ப வேண்டும். இடையில் எங்கேனும் அறுந்தால் ஓட்டம் நின்றுவிடும் என்றேன். கம்பியை எடுத்தேன், விளக்கு அணைந்தது, சேர்த்தேன், எரிந்தது.

“தொட்டா ஷாக் அடிக்குமா அண்ணே?” என்றான் ஒருவன்.

“அடிக்காது, தொட்டுப் பார்” என்றேன், பெருமையோடு. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தொட்டு மகிழ்ந்தனர். கேள்வி கேட்டவனுக்கு அந்தப் பல்பையும் கம்பிகளையும் பரிசாகவே கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மாலை அவன் தாய் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். “தம்பி, நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் செஞ்சேன்னு சொல்லுதான்” என்றார். குரலில் சினம் இல்லை. அதுவே என்னைச் சுட்டது. வீட்டில் பாட்டரி இல்லை. ஆகவே பையன் கம்பிகளின் முனைகளைச் சுவரிலிருந்த பிளக் பாயிண்டில் செருகியிருக்கிறான். பல்பு வெடித்தது, பியூஸ் போயிற்று, அவன் விரல்கள் இரண்டு கொப்பளித்துவிட்டன. அவ்வளவோடு போயிற்றே என்று ஆறுதல் கொள்ள என்னால் இயலவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நான் சொன்னவற்றில் ஒன்றுகூடத் தவறு அன்று. சுற்று முழுமையாக இருக்க வேண்டும் என்றேன்; அவன் முழுமையாக்கினான். ஆனால், மின்சாரத்தை எவ்வளவு அழுத்தத்தோடு தள்ளுகிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டேன்.

ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதியை எத்தனை தேர்வுகளில் எழுதியிருப்பேன்! மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம். அன்றிரவுதான் அதை ஒரு சிறுவனின் கையை வைத்துக் கணக்கிட்டேன். இரண்டு பாட்டரிகளின் அழுத்தம் 3 வோல்ட். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரமான உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொண்டால், பாட்டரியால் பாய்வது 3 மில்லியாம்பியர். சுவரிலிருந்து பாய்வது 230. இதயத்தின் துடிப்பைக் குலைக்க 100 மில்லியாம்பியரே போதும். அந்த மழை நாளில் அவன் கை ஈரமாயிருந்து, வெறும் கம்பியைப் பற்றியிருந்தால்? அதற்குமேல் பென்சில் ஓடவில்லை.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளிடம் முதலில் என் தவற்றைச் சொன்னேன். பிறகு கேட்டேன்: “நம் தெருக் குழாயில் விடியற்காலையில் தண்ணீர் எப்படி வருகிறது?” “சீறிக்கிட்டு வரும்!” “சற்று நேரம் சென்றால்?” “நூல் மாதிரி வடியும்.” குழாய் அதேதான், அழுத்தம்தான் வேறு. பாட்டரி வடியும் குழாய். சுவரில் இருப்பது சீறும் குழாய். பாட்டரியில் செய்யும் சோதனை எதையும் சுவரில் செய்யலாகாது. இதை எல்லாருமே திருப்பிச் சொல்லும்வரை நான் பல்பைக் கையில் எடுக்கவில்லை.

கட்டுப் போட்ட விரல்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவன் கேட்டான்: “அண்ணே, இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?”

சொல்லியிருக்கலாம். பாடம் சொல்லச் செல்லும் நண்பர்களே, நமக்குப் பழகிப்போனதால் சொல்ல மறந்துவிடுகிறோமே, அதுதான் பிள்ளைகளுக்கு முதலில் தெரிய வேண்டியது.